1993 ட்ரெய்லர்: வால்பேப்பரை உரிப்பதா, மேலேயே பெயின்ட் அடிப்பதா? தரைக்கு என்ன போடலாம்?

நோவி_மீனா (மிச்சிகன்), ஏப்ரல் 6

வணக்கம். போன அக்டோபரில் 22 அடி ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்கும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கினோம். 1993-இல் செய்தது. வெளியே நெளிநெளியான அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். 2,800 டாலர் கொடுத்தோம். அச்சு, பிரேக், டயர் எல்லாவற்றையும் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டார். அடுப்பும் ஃபிரிட்ஜும் வேலை செய்கின்றன. மிச்சம் இருப்பது உள்ளலங்காரம்தான்.

ஜூன் கடைசியில் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். லுடிங்டன் ஸ்டேட் பார்க்கில் நான்கு நாள் இடம் பிடித்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, கூடாரத்தில் தரையில் படுத்து எழ முடியாது. கட்டிலும் கழிப்பறையும் உள்ள ஒரு வண்டி வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன். அவர்கள் ஏறும்போது அது சுத்தமாக, வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று ஆசை.

இப்போது உள்ளே இருப்பது இதுதான். சுவர் முழுக்க மங்கிய பழுப்பில் சின்னச் சின்ன நீலப் பூ. மேல் ஓரத்தில் சுற்றிலும் வாத்துப் படம் போட்ட ஒரு சாண் அகல பார்டர். சமையல் பக்கம் மஞ்சளாகிப் போன வினைல் விரிப்பு. கட்டில் பக்கமும் கதவுப் பக்கமும் பழுப்புக் கார்ப்பெட். அதில் பழைய நாய் வாசனை, இரண்டு முறை ஷாம்பூ போட்டும் போகவில்லை.

ஜன்னல் ஓரத்தில் வால்பேப்பரின் ஒரு முனையை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். பூ உள்ள மேல்தோல் வந்தது, கூடவே மரத்தின் மேல் படலமும் நார் நாராகக் கிழிந்து வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் இப்போது சொரசொரவென்று நிற்கிறது.

கேள்விகள்: இதை நீராவி காட்டி உரிக்கலாமா, அல்லது மேலேயே உப்புத்தாள் தேய்த்து பெயின்ட் அடிக்கலாமா? தரைக்கு கிளிக் செய்து பூட்டும் வினைல் பலகை போடலாம் என்று என் கணவர் சொல்கிறார், வீட்டில் போட்டதில் மூன்று பெட்டி மிச்சம் இருக்கிறது. அப்புறம், கதவைத் தாண்டி முதல் அடி வைக்கும் இடத்தில் தரை லேசாக அமுங்குகிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோம் என்று நினைக்கிறேன். சரிதானா?

ஆஸ்டின்வாசி, ஏப்ரல் 6

பின்பக்கம் பசையோடு வரும் ஒட்டு வால்பேப்பர் பக்கம் மட்டும் போகாதீர்கள். நான் ஒட்டினேன். மார்ச்சில் அழகாக இருந்தது. ஜூலையில் வண்டியை மூடி வெயிலில் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்துத் திறந்தால், மூலைகள் எல்லாம் சுருண்டு கட்டில் மேல் தொங்கின. பழைய பளபளப்பான சுவரைச் சரியாகத் துடைக்காமல் ஒட்டியதும் ஒரு காரணம். அலமாரிக் கதவு போலச் சின்ன இடத்துக்குப் போடலாம், முழுச் சுவருக்கு வேண்டாம்.

பிறம்டன்_தச்சர், ஏப்ரல் 7

தங்கச்சி, பெயின்ற், வால்பேப்பர் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வையுங்கோ. முதலில் அந்த அமுங்குகிற இடம். அது ஃபோம் இல்லை. முப்பது வருடத்து ட்ரெய்லரில் கதவடியில் தரை அமுங்கினால் பத்துக்கு ஒன்பது தரம் அது ஊறிப்போன பலகைதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் மேலே என்ன அழகு செய்தாலும் இரண்டு குளிர்காலத்தில் திரும்ப உடைக்க வேண்டி வரும். நான் 1988 ட்ரெய்லர் ஒன்றை அப்படி இரண்டு தரம் செய்தவன். முதல் தரம் அவசரப்பட்டு தரையை மட்டும் மாற்றினேன்.

கார்ப்பெட்டை இன்றைக்கே கிளப்புங்கோ. விளிம்பு முழுக்க ஸ்டேப்பிள் அடித்திருப்பார்கள், நூற்றுக்கணக்கில் இருக்கும். குறடும் தட்டைத் திருப்புளியும் எடுத்துக்கொண்டு பொறுமையாக இருங்கோ. பலகை தெரிந்ததும் திருப்புளி முனையால் ஒவ்வொரு நாலு விரல் இடைவெளிக்கும் குத்திப் பாருங்கோ. நல்ல பலகை திருப்பித் தள்ளும். ஊறினது கேக் மாதிரி விடும். முப்பது நாற்பது டாலருக்கு ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் கிடைக்கும், அதையும் வாங்குங்கோ. சுவரின் அடிப்பக்கம், ஜன்னலின் கீழ் மூலைகள், கூரையும் சுவரும் சேருமிடம் எல்லாம் வைத்துப் பாருங்கோ.

பிறகு ஒரு ஆள் உள்ளே ரோர்ச் லைற்றோடு நிற்க, மற்ற ஆள் வெளியே தோட்டக் குழாயால் தண்ணீர் விட வேண்டும். கீழே இருந்து மேலே போகவேண்டும். மேலே இருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, ஒழுகுவது எது என்று விளங்காது. தகடும் தகடும் சேரும் மூலைப்பட்டி, ஜன்னல் சட்டம், கூரை ஓரத்துச் சின்ன விளக்குகள், கூரை வென்ற் இவைதான் வழமையான இடங்கள். மூலைப்பட்டியைக் கழற்றி, பழைய காய்ந்த பசையைச் சுரண்டி, புது பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திரும்பப் பூட்டுங்கோ. சிலிக்கோனை மேலே பூசி மூடாதீர்கள். பிறகு அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

இனிச் சுவர். நீங்கள் உரித்தது வீட்டுச் சுவரில் ஒட்டும் வால்பேப்பர் இல்லை. மூன்று மில்லிமீற்றர் மெல்லிய பிளைவுட்டின் மேல் தொழிற்சாலையிலேயே வினைல் பூச்சுக் கடதாசியை ஒட்டி அனுப்பியது. அதற்குக் கீழே பூசிய சுவர் எதுவும் கிடையாது, உரித்தால் பலகைதான் கிழியும். நீராவி காட்டவே கூடாது, பிளைவுட் அப்பளம் மாதிரி பொங்கும். பூவை அப்படியே விட்டு மேலே பெயின்ற் அடிப்பதுதான் வழி.

வாத்து பார்டர் மட்டும் பிற்பாடு ஒட்டியது, அது வரும். தலைமுடி காயவைக்கும் ட்ரையரால் சூடாக்கி, முனையைப் பிடித்து, சுவரோடு ஒட்டினாற்போல் படுக்கை வாக்கில் மெல்ல இழுங்கோ. விட்டுவிட்டு மேலே பெயின்ற் அடித்தால் அதன் விளிம்பு கோடாகத் தெரியும். மிச்சப் பசையைச் சுடுதண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கோ, துணி சொட்டக் கூடாது.

பிறகு எண்ணெய்ப்பிசுக்கு போகக் கழுவி, 180 அல்லது 220 நம்பர் சாண்ட்பேப்பரால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்து, பளபளப்பான பரப்பைப் பிடிக்கும் ஒட்டு பிரைமர் ஒரு கோட். நீங்கள் கிழித்த இடத்துக்கு முதலில் ஷெலாக் (அரக்கு) பிரைமர். நேரே தண்ணீர்ப் பெயின்ற் பட்டால் அந்த நார் ஊதிக்கொள்ளும். ஷெலாக் காய்ந்த பிறகு மெல்லிசாகப் புட்டி வைத்துத் தேயுங்கோ. ஷெலாக் வாசனை கடுமையானது, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, அடுப்பின் பைலட் சுடரையும் காஸையும் மூடிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதன் பிறகு சற்றுப் பளபளப்புள்ள அக்ரிலிக் பெயின்ற் இரண்டு கோட். பலகைகள் சேரும் இடத்துப் பட்டிகளைக் கழற்றாமல் அவற்றின் மேலேயே அடியுங்கோ. இடைவெளியில் புட்டி நிரப்பினால் வண்டி முதல் குழியில் ஏறி இறங்கும்போதே வெடிக்கும்.

தரையைப் பற்றி, பலகையைப் பார்த்த பிறகு கதைப்போம்.

நோவி_மீனா, ஏப்ரல் 14

அண்ணா, நீங்கள் சொன்னபடியே சனிக்கிழமை கார்ப்பெட்டைக் கிளப்பினோம். அடியில் பலகை கறுத்துப் போயிருந்தது. கதவிலிருந்து உள்ளே இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், திருப்புளி பிடிவரை இறங்குகிறது. கையால் அள்ளினால் ஈரமான மரத்தூள். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அப்பா அங்கேதான் முதல் காலை வைப்பார் என்று நினைத்தபோது இன்னும் பயமாக இருந்தது.

தண்ணீர் சோதனையும் செய்தோம். கதவுச் சட்டம் ஒழுகவில்லை. அதற்கு மேலே கூரை ஓரத்தில் இருக்கும் ஆரஞ்சு விளக்குக்குத் தண்ணீர் போனதும், ஐந்தாவது நிமிடம் கதவுப் பக்கச் சுவரின் அடியில் துளி துளியாக வந்தது. மேலே சுவரில் ஒரு கறைகூட இல்லை! உள்ளே சட்டத்தின் வழியாகவே இறங்கித் தரையில் தேங்கியிருக்கிறது. விளக்கைக் கழற்றினால் அதன் பின்னால் இருந்த ரப்பர் பிஸ்கட் போலப் பொடிந்துவிட்டது. அந்த விளக்கின் விலை ஆறு டாலர்.

மீட்டர் அங்கே 28 சதவீதம் காட்டுகிறது, மற்ற இடங்களில் 10, 12. எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும்? அலமாரிக்கு அடியிலும் வினைல் போகிறதே, அதையும் எடுக்க வேண்டுமா?

பிறம்டன்_தச்சர், ஏப்ரல் 14

அழ வேண்டாம் தங்கச்சி. மூலகாரணத்தைப் பிடித்துவிட்டீர்கள், அதுதான் கஷ்டமான பகுதி. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஈரம், மற்றதெல்லாம் 10, 12 என்றால் உங்கள் வண்டி நல்ல வண்டி.

ஊறின இடத்தோடு வெட்டை நிறுத்தாதீர்கள். நல்ல பலகை வரும்வரை போய், அதற்கடுத்த குறுக்குச் சட்டத்தின் நடுவில் வெட்டுங்கோ, புதுப் பலகையின் விளிம்பு உட்கார இடம் வேண்டும். வெட்டுவதற்கு முன் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கோ: காஸ் குழாய், வயர், தண்ணீர்த் தாங்கி எங்கே போகிறது என்று. வட்ட வாளின் ஆழத்தைப் பலகையின் தடிப்புக்கு மட்டும் வையுங்கோ, ஒரு நூல்கூட அதிகம் வேண்டாம். சட்டமும் மெத்தென்று இருந்தால் பக்கத்தில் புதுச் சட்டம் ஒன்றைச் சேர்த்துப் பூட்டுங்கோ. திறந்தபடி மீட்டர் 15-க்குக் கீழே வரும்வரை விசிறி போட்டுக் காயவிடுங்கோ, ஒரு கிழமை ஆனாலும் சரி. புது பிளைவுட் பழையதன் அதே தடிப்பில் வேண்டும். வெட்டிய விளிம்பு நான்கையும் வெளிப்புறப் பிரைமரால் மூடிவிட்டு, பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குங்கோ.

அலமாரிக்கு அடியில் உள்ள வினைலைத் தொடாதீர்கள். தொழிற்சாலையில் முதலில் தரையை விரித்து, அதன் மேல்தான் அலமாரியை வைக்கிறார்கள். அலமாரி ஓரத்தோடு கத்தியால் வெட்டிவிட்டால் போதும்.

இனி உங்கள் கணவரின் மூன்று பெட்டிப் பலகை. மனம் நோக வேண்டாம், ஆனால் நான் போடமாட்டேன். மிச்சிகன் குளிரில் சூடில்லாமல் நிற்கும் வண்டி அது. பலகை சுருங்கி விரியும், பூட்டு விட்டுப்போகும். பெட்டியிலேயே எந்த வெப்பத்துக்குள் வைக்க வேண்டும் என்று போட்டிருக்கும், வாசித்துப் பாருங்கோ. பாரமும் அதிகம், சதுர அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு பவுண்ட் வரும். உங்கள் நடைபாதை 80 சதுர அடி என்றால் 120 முதல் 160 பவுண்ட். வண்டியின் முன்பக்க இடது மூலையில் வெளியே ஒட்டியிருக்கும் அட்டையில் அதிகபட்ச எடை இருக்கும். தண்ணீர், காஸ், நாலு பேரின் சாமான் எல்லாம் அதற்குள்தான்.

அதற்குப் பதில் கண்ணாடி இழை பின்பக்கம் உள்ள வினைல் ஷீற்றை ஒரே துண்டாகப் போடுங்கோ. பாரம் குறைவு, சேருமிடமே இல்லாததால் சப்பாத்து ஈரம் கீழே இறங்காது. வெட்டும் முன் ஒரு நாள் சூடான அறையில் விரித்து வையுங்கோ.

ஒன்டாரியோ_லண்டன், ஏப்ரல் 15

இதைப் படித்துவிட்டு வேறு யாராவது எழுபதுகளின் வண்டியில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து ஒன்று. எண்பதுகளின் நடுப்பகுதி வரை வந்த சில வினைல் விரிப்புகளின் பின்பக்கத்திலும் தரை ஓடுகளிலும் கறுப்புப் பசையிலும் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறது. சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள். ஒரு சிறு துண்டை நனைத்து எடுத்து, பையில் மூடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பதில் வந்த பிறகு தொடங்குங்கள். என்னுடையது 1976. பதில் "இருக்கிறது" என்று வந்தது. கிழியாமல் இருந்ததால் எடுக்காமல், மேலேயே புது ஷீட் விரித்துவிட்டோம். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம், அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் அதைத் தடை செய்தது 1978-இல்தான்.

நோவி_மீனா, ஜூலை 3

முடித்துவிட்டோம், போயும் வந்துவிட்டோம். எழுத வேண்டும் என்று தோன்றியது.

வெட்டியது கடைசியில் மூன்றடிக்கு இரண்டரை அடி. காய ஒன்பது நாள் ஆனது. பழைய விளக்கோடு மற்ற நான்கு விளக்குகளின் ரப்பரையும் மாற்றிவிட்டோம். வினைல் ஷீட் வெட்டுவதற்கு, மளிகைப் பைகளை விரித்து ஒட்டி, சட்டைக்கு அளவெடுப்பது போல மூலை முடுக்கெல்லாம் பேப்பரில் வெட்டினேன். அதை ஷீட்டின் மேல் வைத்துக் கோடு போட்டுக் கத்தியால் அறுத்தேன். கழிப்பறை வளைவில் மட்டும் ஒரு விரல் இடைவெளி, அதை ஓரப்பட்டி மறைத்துவிட்டது.

வாத்துகள் ட்ரையர் சூட்டுக்கு முழு நீளமாக வந்தன. சுவர் இப்போது பால் வெள்ளை. பூ எங்கும் தெரியவில்லை, கிழித்த இடம் எது என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. மூன்று பெட்டிப் பலகை கராஜில் அப்படியே இருக்கிறது, என் கணவர் அதில் செருப்பு அலமாரி செய்கிறார்.

லுடிங்டனில் இரண்டாம் நாள் ராத்திரி ஏரியிலிருந்து நல்ல மழை. அப்பா கூரைச் சத்தம் கேட்டபடி தூங்கிவிட்டார், எனக்குத்தான் தூக்கமில்லை. விடிந்ததும் அவர் எழுவதற்கு முன் கதவுப் பக்கம் மண்டியிட்டு, சுவரின் அடியில் மீட்டர் ஊசியை வைத்தேன். 11.