கிளிநொச்சியில் ஒரு அறைக்குப் பலகை நிலம்: முழு மரமா, ஒட்டுப்பலகையா?

வணக்கம். இரணைமடுப் பக்கம் எங்கட வீடு. அம்மாவின்ர அறைக்கு (14க்கு 12 அடி) பலகை நிலம் போட வேணும். மாபிளில் இரண்டு தரம் வழுக்கி விழுந்திட்டா, இனித் தள்ளிப்போட ஏலாது.

ஓடாவியார் (தச்சர்) முக்கால் அங்குல முதிரை முழுமரம்தான் எண்டு நிக்கிறார். தேய்ஞ்சால் திரும்பத் திரும்பச் சீவலாம். வவுனியாக் கடைக்காரர் எஞ்சினியர்ட் பலகை (ஒட்டுப்பலகை) நல்லது, மேல்மரம் 3 மில்லிமீற்றர், கீழ் அடுக்குகள் குறுக்குமறுக்காய் ஒட்டினபடியால் வளையாது எண்டுறார். இரண்டு பேரும் சொல்லுறது நியாயமாத்தான் படுது.

கார்த்திகை மழைக்குள்ள சீமெந்தில பொலித்தீனை ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்த்தன். அடியில நீர்த்துளி. மூலையில நாலு முதிரைப் பலகை அடிச்சும் பார்த்தன்: மாரியில ஓரம் தூக்கிச்சு, சித்திரை வெயிலுக்கு இடைவெளி விட்டிட்டுது. மரம் சரியாய்க் காயேல்லையோ எண்ட சந்தேகமும் இருக்கு. கறையானுக்கு மருந்து அடிச்சாச்சு. ஈரம் தடுக்கிற பூச்சு இன்னும் பூசேல்லை.

வன்னியில இப்பிடி ஈரம் ஏறுற சீமெந்து நிலத்தில, ரெண்டு மூண்டு மாரி கண்டும் வளையாமல் நிக்கிறது உங்கட வீட்டில எந்தப் பலகை?