புதுப்பிப்பு: ஒலி விட்டுவிட்டு வந்த சிக்கல் தீர்ந்தது

முன்பு நான் கேட்டது இதுதான்: வீட்டுக் கணினியில் பதிவு செய்த டிராக்குகளை ஓடவிட்டால் ஒலி திக்கித் திக்கி வருகிறது, நடுவே 'டிக் டிக்' சத்தம் வேறு. அதே கோப்பைச் செல்போனில் கேட்டால் சுத்தமாக இருந்தது. ஆக, கோளாறு பதிவில் இல்லை.

பலரும் சொன்னபடி பஃபரை (கணினி ஒலியை ஒவ்வொரு தடவையும் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிளிலிருந்து, அதாவது ஒலித் துணுக்கிலிருந்து, 512க்கு ஏற்றினேன். 44.1 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 44,100 சாம்பிள்) 128 என்றால் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 3 மில்லிவினாடி, 512 என்றால் சுமார் 12. திக்கல் குறைந்ததே தவிர, போகவில்லை. சிபியு மீட்டரோ பாதியைக்கூடத் தொடவில்லை. குழப்பியதே அதுதான். சராசரிச் சுமை குறைவாக இருந்தாலும், ஏதோ ஒரு டிரைவர் (கணினியின் ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) அந்த அவகாசத்தைவிட அதிக நேரம் பிராசசரைப் பிடித்துவைத்தால் ஒலி அறுந்துவிடும். மீட்டரில் அது தெரியவே தெரியாது.

எந்த டிரைவர் இப்படிப் பிடித்துவைக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டதும் ஆள் சிக்கியது: வைஃபை டிரைவர். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்கினேன், திக்கல் நின்றது. டிரைவரைப் புதுப்பித்த பிறகு வைஃபை ஓடும்போதும் பரவாயில்லை. ஆனாலும் பதிவு நேரத்தில் அணைத்தே வைக்கிறேன், நோட்டிஃபிகேஷன் தொல்லையும் இல்லை பாருங்கள்.

பவர் பிளானை மாற்றியது, யுஎஸ்பி கேபிளை மாற்றியது எதுவும் எனக்கு உதவவில்லை.

இப்போது பாடும்போது (குரல் தாமதமின்றிக் காதில் விழ) பஃபர் 128, மிக்ஸிங்குக்கு 1024. கனமான ரிவெர்ப் (எதிரொலி போன்ற எஃபெக்ட்) போட்டால் 128இல் இன்னும் கொஞ்சம் திணறுகிறது. அந்த டிராக்கை மட்டும் ஃப்ரீஸ் செய்துவிட்டால் (எஃபெக்டோடு சேர்த்து முன்கூட்டியே ஒலிக் கோப்பாக மாற்றிவிட்டால்) சரியாகிவிடுகிறது.