பகான் கோட்டைக்குள்ளும் வெளியிலும்: உங்களை நிறுத்தி வைத்த கோயில் எது?

காவிரிக்கரை:

பர்மாவின் பகான் பற்றித் தேடினால் எப்போதும் ஒரே படம்தான் வருகிறது. விடிகாலை மூட்டம், வரிசையாகக் கோபுர உச்சிகள், மேலே மிதக்கும் பலூன்கள். அழகுதான், ஆனால் அந்தப் படத்தில் யாரும் எந்தக் கோயிலுக்குள்ளும் நுழைவதில்லை. ஐராவதி ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் 11ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரை அரசர்கள், ராணிகள், அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள் என்று ஆளாளுக்குக் கட்டிக்கொண்டே போன ஊர் அது. இன்றைக்கும் 2000க்கும் மேல் நிற்கின்றன. அங்கே போய் வந்தவர்கள், உங்களை உள்ளே நிறுத்தி வைத்த கோயிலைப் பற்றி எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

எனக்கு மனுஹா. கோட்டைக்குத் தெற்கே மியின்கபா கிராமத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த ஒரு பெட்டிக் கட்டடம், நின்று பார்க்கத் தோன்றாது. உள்ளே போனால் மூச்சு முட்டுகிறது. அறை முழுக்க அடைத்துக்கொண்டு புத்தர் உட்கார்ந்திருக்கிறார், தோள் சுவரை ஒட்டி நிற்கிறது, தலைக்கு மேல் இடமே இல்லை, நாம் நிற்பதற்குக் காலடியில் ஒரு ஒடுங்கிய சந்துதான், முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அண்ணாந்தாக வேண்டும். இப்படி உட்கார்ந்த சிலைகள் மூன்று. பின்பக்கம் சுற்றிப் போனால் படுத்த கோலத்தில் இன்னொருவர், அவருக்கும் அதே நெருக்கடி.

மனுஹா என்பவர் தட்டோன் நாட்டை ஆண்ட மோன் இனத்து அரசர். 1057இல் பகான் அரசர் அனவ்ரதா அந்த நாட்டைப் பிடித்து அவரைக் கைதியாகக் கொண்டு வந்தார் என்று பர்மிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பத்து வருடம் கழித்து அந்தக் கைதி அரசரே கட்டிய கோயில் இது, தன் சிறைவாசத்தைத்தான் புத்தரின் மேல் ஏற்றி வைத்தார், படுத்திருக்கும் புத்தர் முகத்தில் மட்டும் புன்னகை இருப்பதற்குக் காரணம் சாவில்தான் விடுதலை என்பது, இப்படி அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தட்டோன் படையெடுப்பு அப்படியே நடந்ததா என்று வரலாற்றாளர்கள் இப்போது கேள்வி எழுப்புகிறார்கள், சரி, அது தனி விவாதம். நான் அந்த ஒடுங்கிய சந்திலிருந்து வெளியே வர ரொம்ப நேரம் ஆனது.

கட்டுமானம்:

நான் கட்டட வேலையில் இருப்பவன், அதனால் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். என்னுடைய கோயில் தம்மயாங்ஜி. பகானிலேயே பருமனில் பெரியது. நரத்து என்ற அரசன் கட்டியது. அப்பா அலவுங்சித்துவையும் அண்ணனையும் கொன்று பட்டத்துக்கு வந்தவன், 1167இலிருந்து மூன்று நான்கு வருடம்தான் ஆண்டான், அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இவ்வளவு பெரிய கோயில் என்கிறார்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஊசி நுழைந்தால் கொத்தனாரின் கையை வெட்டிவிடுவானாம். கை வைக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்த ஒரு கல்லை உள்ளே காட்டுகிறார்கள். கதை எப்படியோ இருக்கட்டும், அந்தச் செங்கல் வேலையைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 850 வருடம் கழிந்தும் இணைப்பில் நகம்கூட நுழையவில்லை, சுவர் முழுக்கக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன்.

இன்னொன்று, உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியாது, பகானின் வளைவுகள். நம் தென்னிந்தியக் கோயில்கள் தூணும் உத்தரமும்தான், கல்லைப் படுக்க வைத்துத் தாங்க வைப்பது. பகானில் செங்கல்லை விசிறி மாதிரி அடுக்கி உண்மையான வளைவு கட்டியிருக்கிறார்கள், பாரம் முழுக்க இரண்டு பக்கச் சுவருக்கும் இறங்குகிறது, அந்த உத்தியில் நீளநீளமான நடைகளுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் சுற்றுவட்டார நாடுகளில் இதை இவ்வளவு தாராளமாகச் செய்தவர்கள் இல்லை. பூகம்பப் பூமியில் இத்தனை கோயில்கள் இன்றும் நிற்பதற்கு இந்த வளைவுகளும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

தம்மயாங்ஜிக்குள் சுற்றி வரும் நடை இரண்டு. வெளி நடையில் நடக்கலாம். உள் நடையைச் செங்கல் போட்டு உச்சி வரை அடைத்துவிட்டார்கள். பாரம் தாங்காது என்று பயந்து அடைத்தார்களா, அரசன் செத்ததும் வெறுப்பில் அடைத்தார்களா, இன்றுவரை வாதம் நடக்கிறது. மேற்குப் பக்கம் இரண்டு புத்தர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், கௌதமரும் இனி வரப்போகும் மைத்ரேயரும். வௌவால் வாடை தாங்க முடிந்தவர்கள் வெளி நடையை முழுக்கச் சுற்றி வாருங்கள்.

கல்லெழுத்து:

நான் போனதே ஒரு தமிழ்க் கல்வெட்டுக்காகத்தான். பகானில் கிடைத்த அந்தக் கல் 13ஆம் நூற்றாண்டு எழுத்தில் இருக்கிறது. மேலே வடமொழியில் ஒரு சுலோகம், குலசேகரரின் முகுந்தமாலையிலிருந்து. கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்ற ஒருவர், புக்கம் (பகான்தான்) ஆன அரிவத்தனபுரத்தில் இருக்கும் நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, திருக்கதவும் போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தார். அவ்வளவுதான் செய்தி. கொடுங்கல்லூர்ப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, ஐராவதியில் எதிர்நீச்சலாகப் படகு ஏறி வந்த ஒரு வியாபாரி அங்கே பெருமாளுக்குக் கதவு செய்து போட்டிருக்கிறார். நானாதேசி என்றால் பல தேசத்து வணிகர்கள். அவர்கள் பெயரிலேயே ஒரு விஷ்ணு கோயில் பௌத்தத் தலைநகரில் இருந்திருக்கிறது, அரசனும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறான். இதைப் படித்த நாளிலிருந்து அங்கே போக வேண்டுமென்று இருந்தேன்.

பழைய மதிலுக்குள்ளேயே தட்பின்யூ கோயிலுக்கு மேற்கே நட்லாங் கியாங் என்ற சின்ன விஷ்ணு கோயில் இன்னும் இருக்கிறது. பகானில் எஞ்சி நிற்கும் ஒரே இந்துக் கோயில். வெளிச்சுவரில் தசாவதாரச் சிற்பங்கள் இருந்தன, மிஞ்சியவற்றைப் பார்க்கலாம், அதில் புத்தரும் ஒரு அவதாரம். கல்வெட்டு சொல்லும் விண்ணகரமும் இதுவும் ஒன்றுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சிலைகளில் சில ஜெர்மனிக்குப் போய்விட்டன. மியின்கபாவில் நன்பயா என்று மணற்கல்லில் ஒரு கோயில், அதன் உள்தூண்களில் பிரம்மா செதுக்கப்பட்டிருக்கிறார், ஒவ்வொரு தூணிலும் கையில் தாமரையோடு. மனுஹாவுக்குப் பக்கத்திலேயே இருந்தும் பாதிப் பேர் நன்பயாவுக்குப் போகாமல் திரும்பிவிடுகிறார்கள், தயவுசெய்து போங்கள்.

ஒரு கனமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பகான் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நிலம், நெல், மாடு கொடுத்த கணக்கோடு ஆட்களைக் கொடுத்த கணக்கும் இருக்கிறது. கோயில் அடிமைகள், பெயர் பெயராக. அதில் இந்தியர்களும் உண்டு. கதவு கொடுத்த நம்பியின் பெயர் நமக்குத் தித்திக்கிறது, அந்தப் பட்டியலில் இருப்பவர்களும் அதே கடல் வழியாக வந்தவர்களாக இருக்கலாம், அவர்களையும் நினைக்க வேண்டும்.

தனிவழி:

எல்லாரும் புகழ்கிறீர்கள். எனக்குப் பகான் கோபத்தைத்தான் கொடுத்தது. பாதிக் கோயில்கள் பழையதே இல்லை. 1990களில் ராணுவ அரசு காலத்தில் வெறும் செங்கல் மேடாகக் கிடந்த இடங்களின் மேலெல்லாம் புதுச் செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் உச்சி வைத்து எழுப்பிவிட்டார்கள். பழைய வடிவம் என்ன என்பதற்கு ஆதாரம் தேடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பணம் கொடுத்தவர் பெயரும் தொகையும் பொறித்த பலகை வேறு. யுனெஸ்கோ பட்டியலில் சேர 2019 வரை காத்திருக்க வேண்டி வந்ததற்கு இதெல்லாம்தான் காரணம். 2016 ஆகஸ்ட் 24 பூகம்பத்தில் சூலாமணி கோயிலின் உச்சி புழுதியாகக் கொட்டியதைப் பார்த்திருப்பீர்கள், அன்றைக்கு விழுந்ததில் நிறைய இந்தப் புது ஒட்டுவேலைதான். 12ஆம் நூற்றாண்டுச் சுவர் நின்றது, நேற்று வைத்தது விழுந்தது. அதைவிடக் கொடுமை, மதிலுக்குள் காலங்காலமாக வாழ்ந்த ஊர்மக்களை 1990இல் காலி செய்து தெற்கே புதிய பகான் என்று ஒரு ஊரில் கொண்டு போட்டது. இன்று மதிலுக்குள் ஹோட்டல் இருக்கிறது, ஊர் இல்லை.

ரங்கூன் பேத்தி:

தனிவழி, ஊரைக் காலி செய்தது பற்றி நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அவசர வேலை மோசமான வேலை என்பதும் சரிதான். ஆனால் பலகை வைத்துப் பணம் கொடுத்த ஜனங்களை ராணுவத்தோடு சேர்த்துத் திட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தாத்தா பாட்டி ரங்கூனில் இருந்து அறுபதுகளில் திரும்பி வந்தவர்கள். இடிந்த கோயிலை எடுத்துக் கட்டுவதைவிடப் பெரிய புண்ணியம் பர்மாக்காரருக்கு இல்லை என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். பகானில் அது இன்று முளைத்த பழக்கம் இல்லை. கல்லெழுத்து ஐயா சொன்ன அதே கல்வெட்டுகளில், இந்த தானத்தைக் காப்பவனுக்கு என் புண்ணியத்தில் பங்கு, அழிப்பவன் அவீசி நரகத்தில் வேகட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ‘இத்தர்மம் ரக்ஷித்தார் பாதம் என் தலைமேல்’ என்று நம் கல்வெட்டுகளில் வருவதும் இதே மனசுதான். ஷ்வேசிகோன் தூபியைப் பாருங்கள், அனவ்ரதா ஆரம்பித்து, பின்னால் வந்த அரசர் கியான்சித்தா முடித்தது, அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை அதன் மேல் தங்கம் பூசியிருக்கும். அதை யாரும் போலி என்று சொல்வதில்லை. கும்பிடுபவர்கள் இருக்கிற கோயிலில் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அந்த வேலையை யார் மேற்பார்வை பார்ப்பது, சுதை தெரிந்தவரா ஒப்பந்தக்காரரா என்பதில்தான் நான் சண்டை போடுவேன்.

என்னை நிறுத்தி வைத்தது மியின்கபா குப்யாக்ஜி. 1113ஐ ஒட்டிக் கட்டியது. கியான்சித்தா நோய்ப்படுக்கையில் இருந்தபோது மகன் ராஜகுமாரன் ஒரு தங்கப் புத்தர் செய்து, அப்பாவின் பேரில் அர்ப்பணித்தார். அப்பா அவனுக்குப் பட்டத்தைக் கொடுக்கவில்லை, பேரனுக்குக் கொடுத்துவிட்டார், அப்படியும் அந்த மகன் செய்த காரியம் இது. அங்கே கிடைத்த மியாசேதி கல்வெட்டில் ஒரே செய்தி பாலி, மோன், பியூ, பர்மிய மொழி என்று நான்கு மொழியில் இருக்கிறது. பியூ எழுத்தைப் படிக்க முடிந்ததே அந்தக் கல்லால்தான். கோயிலுக்குள் இருட்டு, படம் எடுக்கக் கூடாது, டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். வெளிச்சம் விழுந்த இடத்தில் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் சின்னச் சின்னக் கட்டங்களாக வருகின்றன, ஒவ்வொன்றின் கீழேயும் மோன் மொழியில் குறிப்பு. யானை, மரம், அரண்மனை, அழுகிற ஒரு பெண். வெட்சி-இன் பக்கம் இதே பெயரில் இன்னொரு குப்யாக்ஜி உண்டு, அதன் சுவரில் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்த காயம் தெரியும். 1899இல் ஒரு ஜெர்மானியர் அறுத்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துவிட்டு வந்து புதுச் செங்கல் வைத்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கிழக்கே மதிலில் மிஞ்சி நிற்கும் தாரபா வாசலையும் சும்மா தாண்டிப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் மாடத்தில் ஒரு அண்ணனும் தங்கையும் நட் என்று பர்மாக்காரர்கள் கும்பிடும் காவல் தெய்வங்களாக இருக்கிறார்கள். அண்ணன் கொல்லன், அரசன் அவனைச் சண்பக மரத்தில் கட்டி எரித்தான், தங்கை தானும் தீயில் பாய்ந்தாள். தேங்காயும் பூவும் வைத்துவிட்டுத்தான் ஊர்க்காரர்கள் உள்ளே போகிறார்கள்.

தனிவழி:

சுதை தெரிந்தவரா ஒப்பந்தக்காரரா என்று நீங்கள் கேட்டதை ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. ஒரே அச்சில் வைத்த உச்சியை மட்டும் ஏற்க மாட்டேன்.

புதுப்பயணி:

இதையெல்லாம் படித்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஆசையாக இருக்கிறது. நாட்டு நிலைமை சரியான பிறகுதான். அம்மாவுக்கு முட்டி வலி. படி ஏறாமல் பார்க்க முடியுமா?

காவிரிக்கரை:

தாராளமாக முடியும். முன்பு ஷ்வேசண்டோ மாதிரி தூபிகளின் மேல் ஏறி அஸ்தமனம் பார்ப்பார்கள், 2016 பூகம்பத்துக்குப் பிறகு ஏற விடுவதில்லை, அதனால் பெரும்பாலும் தரையோடுதான் நடை. ஆனால் கோயில் வளாகம் முழுக்க வெறுங்கால், காலுறைகூடக் கூடாது, பத்து மணிக்கு மேல் செங்கல் சுடும். காலையில் சீக்கிரம் போங்கள், மார்ச் முதல் மே வரை வேண்டவே வேண்டாம். மின் பைக்கில் அம்மா பின்னால் உட்கார்ந்து மண்பாதையில் வருவது கஷ்டம், கார் அல்லது குதிரை வண்டி பேசிக்கொள்ளுங்கள். டார்ச் கட்டாயம். சின்னக் கோயில்கள் பூட்டியிருக்கும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், கேட்டால் வந்து திறப்பார்கள், அவர்களுக்கு ஏதாவது கொடுங்கள்.

முதலில் ஆனந்தாவுக்குக் கூட்டிப் போங்கள். கியான்சித்தா 1105ஐ ஒட்டிக் கட்டியது. நான்கு திசைக்கும் ஒருவராக, ஏறத்தாழ 9.5 மீட்டர் உயரத்தில் நிற்கும் புத்தர்கள். வடக்கும் தெற்கும் பழைய சிலைகள், மற்ற இரண்டும் பிற்காலத்தில் வைத்தவை. தெற்கே இருக்கும் காசியப புத்தரை வாசலிலிருந்து பார்த்தால் சிரிக்கிறார், கிட்டே போகப் போக முகம் இறுகிவிடுகிறது, அம்மாவைத் தூரத்திலேயே ஒரு நிமிஷம் நிற்க வைத்துப் பிறகு மெதுவாக நடத்திக் கூட்டிப் போங்கள். தையும் மார்கழியும் கலக்கும் பௌர்ணமியை ஒட்டிப் போனால் ஆனந்தா திருவிழா, சுற்றுக் கிராமமெல்லாம் அங்கே வந்துவிடும். அப்போது அறை கிடைப்பது சிரமம், முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.