டிரையர் 3 பாகை காட்டியும் கலர் சோர்ட்டருக்குத் தண்ணீர் வருவது ஏன்?

கேள்வி (சம்மாந்துறை, அரிசி ஆலை)

வணக்கம். கறுப்பரிசியைக் காற்றடித்துப் பிரிக்கும் எங்கள் கலர் சோர்ட்டருக்குக் காற்றுக் கொடுக்கும் கொம்பிரசருக்குப் பின்னால், அந்தக் காற்றின் ஈரத்தை நீக்கக் குளிர்முறை டிரையர் பூட்டியிருக்கிறோம். முகப்பு 3 பாகை காட்டுகிறது. இருந்தும் மாரி தொடங்கியதிலிருந்து சோர்ட்டரின் வடிகட்டிக் கிண்ணத்தில் அரைவாசிக்குத் தண்ணீர் நிற்கிறது. ஈரத்தில் தவிட்டுத் தூசி ஒட்டி வால்வுகள் மந்தமாவதால், கறுப்பரிசியும் நல்லரிசியோடு சேர்ந்து விழுகிறது. டிரையரிலிருந்து வெளிவரும் காற்றும் குளிராக இல்லை. குளிரூட்டி பழுதா?

பதில் (கல்முனை, குளிரூட்டி திருத்துபவர்)

தம்பி, வெளிவரும் காற்று குளிராக இல்லாதது பழுதல்ல. டிரையருக்குள் இரண்டு வெப்பமாற்றிகள் உள்ளன. முதலாவதில், உள்ளே வரும் சூடான காற்றை, உலர்ந்து வெளியேறும் குளிர்ந்த காற்று தணிக்கிறது. அதே வேளை வெளியேறும் காற்று சூடேறிவிடுவதால், அடுத்துள்ள குழாய்கள் வேர்ப்பதில்லை, குளிரூட்டியின் சுமையும் குறைகிறது. இரண்டாவதில் குளிர்வாயு காற்றை 3 பாகை வரை இறக்குகிறது. 35 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 40 கிராம் நீராவியைத் தாங்கும். 3 பாகையில் 6 கிராமளவே தாங்கும். மிச்சம் துளியாகிப் பிரிப்பானில் விழுகிறது. பூச்சியத்துக்குக் கீழே இறக்கினால் நீர் உறைந்து வழியையே அடைத்துவிடும். அதனால்தான், சுமை குறைந்த நேரத்தில் சூடான வாயுவைச் சுற்றுவழியில் விட ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள்.

டிரையர் நீரைத் துளியாக்கி விழுத்துமே தவிர, அதை வெளியேற்றுவது தானியங்கி வடிகாலின் வேலை. வடிகால் அடைபட்டால் பிரிப்பான் நிரம்பி, வேகமாகப் போகும் காற்று அந்த நீரையே வாரிக்கொண்டு போகும். முகப்பு அப்போதும் 3 பாகைதான் காட்டும். இயந்திரம் ஓடும்போது முகத்தை விலக்கிக்கொண்டு, வடிகாலின் கைத்திறப்பை மெல்லத் திறந்து பாருங்கள். தண்ணீர் விடாமல் கொட்டினால் கோளாறு அங்கேதான்.

பதில் (மட்டக்களப்பு)

மேலே சொன்னது சரி. குளிர்வாயுவின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் தகடுகளையும் பாருங்கள். அரிசி ஆலைகளில் உமித்தூசி அவற்றைக் கம்பளி போல மூடிவிடும். டிரையருக்குள் போகும் காற்று 45 பாகையாக இருந்தால், நீராவி 65 கிராமளவுக்கு உயர்ந்து இயந்திரம் தாங்காது. காலையில் டிரையர் குளிர்ந்த பிறகே கொம்பிரசரைத் தொடக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, கைத்திறப்பைத் திறந்ததும் ஒரு வாளித் தண்ணீருக்குக் குறையாமல் கொட்டியது. வடிகாலின் சல்லடையில் எண்ணெயும் துருவும் கலந்த கபிலச் சேறு விரலளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தது. கழுவிப் பூட்டினோம். குழாயில் ஏற்கெனவே தேங்கியிருந்த நீர் வடிய ஒரு நாள் எடுத்தது. இன்று காலை கிண்ணம் உலர்ந்திருக்கிறது.