கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவைச்சா வன்மை போகுமோ?

குளக்கட்டு: வவுனியாவில வீட்டுக் கிணறு. கேத்திலின்ர அடியில வெள்ளையா ஒட்டுது, சவுக்காரம் நுரைக்காமல் திரளுது, பருப்பு அவிய கன நேரம் பிடிக்குது. கொதிக்கவைச்சால் சரிவருமோ?

நீர்ச்சோதனை: பாதிதான் சரிவரும். மழைத்தண்ணி மண்ணுக்குள்ள காபனீரொட்சைட்டை எடுத்து மெல்லிய அமிலமாகி, கல்லில இருக்கிற கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைச்சுக்கொண்டு வருது. இதைத்தான் வன்மை எண்டுறது. கொதிக்கேக்க அந்த வாயு வெளியேற, கல்சியம் இருகாபனேற்று கரையாத காபனேற்றா மாறிப் படியும். கேத்தில்ல ஒட்டுறது அதுதான். சல்பேற்று, குளோரைட்டா இருக்கிற பங்கு எவ்வளவு கொதிச்சாலும் அசையாது.

உங்கட கிணத்தில எது கூட எண்டு பாக்கலாம். ஒரே அளவான மூண்டு போத்தல்: மழைத்தண்ணி, கிணத்துத் தண்ணி, பத்து நிமிசம் கொதிச்சு ஆறித் தெளிஞ்ச கிணத்துத் தண்ணி. மூண்டையும் சம அளவில எடுத்து, சவுக்காரக் கரைசலைத் துளித்துளியா விட்டுக் குலுக்குங்கோ. நுரை ஒரு நிமிசம் நிக்க எத்தினை துளி வேணுமெண்டு எண்ணுங்கோ. கொதிச்சது மழைத்தண்ணிக்குக் கிட்ட வந்தால் நிலையற்ற வன்மை, கொதிச்சால் போறது. கொதியாததுக்குக் கிட்ட நிண்டால் நிலையான வன்மை, கொதிச்சாலும் போகாதது. கட்டிச் சவுக்காரம்தான் வேணும். சலவைத்தூள் வன்னீரிலும் நுரைக்கும், கணக்குப் பிழைச்சுப்போகும்.

பருப்பு: கல்சியம் பருப்பில இருக்கிற பெக்ரினை, அதாவது கலங்களை ஒட்டிவைச்சிருக்கிற பசைப்பொருளை, இறுக்கிப்போடும். கொதிக்கவைச்சுத் தெளியவிட்ட தண்ணியில ஊறவைச்சு அவியுங்கோ.

மென்னீர்: உடுப்புத் தோய்க்க சலவைச் சோடா போதும், நிலையான வன்மையையும் எடுக்கும். வன்மை (கல்சியம் காபனேற்றாக் கணக்கிட்டு) லீற்றருக்கு 300 மில்லிகிராம் எண்டால் 20 லீற்றர் வாளிக்கு நீரற்ற தூள் 6.5 கிராம், நீர் சேர்ந்த பளிங்குச் சோடா எண்டால் 17 கிராம். கரைச்சுக் கால் மணித்தியாலம் விட்டுத்தான் சவுக்காரம் போடவேணும். உடனே போட்டால் கல்சியம் சவுக்காரத்தோட சேர்ந்து திரளும். அப்பச்சோடாவைப் போட்டு ஏமாறாதேங்கோ. குடிக்கிறதுக்கு இந்த முறை கூடாது.

குளக்கட்டு: அப்ப கொதிக்கவைச்சுத் தெளியவிட்ட தண்ணியைக் குடிக்கலாமோ?

நீர்ச்சோதனை: கிருமிக்குக் கொதிக்கவைக்கிறது நல்லது. ஆனால் வவுனியாக் கிணறுகள் சிலதில புளோரைட்டு (கூடினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கிற உப்பு) கூட. அது ஆவியாகாது; தண்ணி வத்த வத்தச் செறிவு ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வன்மை குறைஞ்ச தண்ணி எண்டு நம்பிவிடாதேங்கோ: கல்சியம் குறைஞ்ச தண்ணியிலதான் புளோரைட்டு கூடக் கரைஞ்சு நிக்கும். ஆய்வுகூடத்துக்குக் குடுங்கோ. பிளாஸ்ரிக் போத்தலை அதே கிணத்துத் தண்ணியால மூண்டு தரம் அலசி நிரப்புங்கோ. கண்ணாடிப் போத்தல் வேண்டாம்.