இன்ஜெக்டர் (எரிபொருள் பீய்ச்சும் முனை) மாற்றியதும் ஈசியூ (இஞ்சினை ஆளும் கணினி) முரண்டு பிடித்த கதைகள் இருந்தால் சொல்லுங்கள்

கரிப்புகை:
என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று ஒழுகியதால் நாலையும் மாற்றினோம். பழையதிலும் புதியதிலும் ஒரே எண், நிமிடத்துக்கு 440 சிசி. சாக்கெட் சேர்ந்தது, ஓ-ரிங் உட்கார்ந்தது, ஐட்லிங்கும் சுத்தம். ஏற்றத்தில் முழுசாக மிதித்தால் மட்டும் இழுவை இல்லை, இஞ்சினுக்குள் தட்டுகிற நாக் சத்தம் வேறு. ஸ்கேனரை மாட்டினால் லாங் டெர்ம் ட்ரிம், அதாவது ஈசியூ தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், +15. நின்றாலும் 15, சீராக ஓடினாலும் 15. அந்த 15 அசையவே இல்லை. காற்று லீக் என்றால் ஐட்லில் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கியிருக்கும்.

விற்றவரைக் கேட்டேன். 440 என்பது 4 பாரில் அளந்ததாம். என் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில், 3 பார்தான். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும், ஆக 440 என் வண்டியில் 381. 440-ஐ 381-ஆல் வகுத்துப் பார்த்தேன், 1.15. ஸ்கேனர் காட்டிய அதே 15! எண்ணோடு அழுத்தத்தையும் போட்டு விற்றால் என்ன குறைந்துவிடும்? இன்னும் ஆறவில்லை.

மூணாவது கியர்:
இதற்குப் போய் ஏன் இவ்வளவு மெனக்கெடல் சார்? ஈசியூ தானே கற்றுக்கொள்ளும். என் வண்டியில் ஒன்றரை மடங்கு பெரிய இன்ஜெக்டர், எந்த ட்யூனிங்கும் செய்யவில்லை, பிரமாதமாக ஓடுகிறது. சிக்னலில் பின்னால் நின்ற பைக்காரர் கண்ணாடியைத் தட்டி, கண் எரிகிறது, வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள் என்றார். அவர் முகம்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மற்றபடி குறையே இல்லை.

மல்டிமீட்டர்:
நண்பரின் வண்டி. நாள்பட ஓடிக்கொண்டிருந்தது, ஒரு காலை ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டுச் சாவியை ஆன் செய்தோம், பம்ப் முனகியது. பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். இஞ்சின் சுழன்றதும், மூன்றாவது ஓட்டையிலிருந்து பெட்ரோல் பானட் உயரத்துக்குப் பீய்ச்சியது. பக்கத்தில் ஒரு தீப்பொறி இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

காரணம் ஓம், அதாவது மின்தடை. அவர் ஈசியூ 12 ஓமுக்கு மேற்பட்ட இன்ஜெக்டருக்கானது. யாரோ போட்டுக் கொடுத்தது 2 ஓம். ஒரு ஆம்பியர் போகிற இடத்தில் ஆறு ஆம்பியர் போனால் இன்ஜெக்டரைத் திறந்து மூடும் டிரைவர் டிரான்சிஸ்டர் எத்தனை நாள் தாங்கும்? ஷார்ட் ஆகி கிரவுண்டைப் பிடித்துக்கொண்டது, இன்ஜெக்டர் திறந்தபடியே நின்றது. குறைந்த ஓம் போட்டே ஆகவேண்டும் என்றால் தொடரில் ரெசிஸ்டர் வேண்டும், இல்லையென்றால் முதலில் கூடுதல் கரண்ட் கொடுத்துப் பின் குறைத்துக்கொள்ளும் பீக்-அண்ட்-ஹோல்ட் டிரைவர்.

ராத்திரி ஓட்டம்:
என் பிரச்சினை பகலில் வராது. ஹெட்லைட், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் போட்டால் ஐட்லிங் தொங்கும், சில சமயம் அணைந்தே போகும். ஆல்டர்னேட்டர், பேட்டரி, எர்த் ஒயர் எல்லாம் பார்த்தாயிற்று. ட்ரிம் ஐட்லில் மட்டும் கூடுதல், 80-இல் போனால் பூஜ்யம். கரிப்புகை சொன்ன 15-க்கு நேர் எதிர்.

டெட் டைம்தான் வில்லன். கரண்ட் கிடைத்ததும் ஊசி உடனே எழாது. 14 வோல்ட்டில் சுமார் ஒரு மில்லிசெகண்ட் எடுக்கும், வோல்டேஜ் இறங்க இறங்க இன்னும் தாமதம். ஐட்லில் மொத்தத் துடிப்பே இரண்டு, மூன்று மில்லிசெகண்ட், அதில் கால் மில்லிசெகண்ட் பிசகினால் என்ன ஆகும் பாருங்கள். புதிய இன்ஜெக்டருக்கான வோல்டேஜ் அட்டவணையை ஈசியூவில் ஏற்றியதும் ஹீட்டர் போட்டாலும் ஊசலாட்டம் இல்லை.

பழைய பெஞ்ச்:
மூணாவது கியர் தம்பிக்கு: ஈசியூ கற்றுக்கொள்ளும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பல வண்டிகளில் 25 சதவீதத்தோடு நின்றுவிடும், ரிச் (பெட்ரோல் மிகுதி) என்று P0172 பிழைக் குறியீட்டை எழுதிவைத்துவிட்டுக் கைகழுவும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் சூடாகும்வரை அது பார்ப்பதும் இல்லை. முழு த்ராட்டிலில் ஓப்பன் லூப், அங்கே சென்சார் பேச்சு எடுபடாது. நான் இன்ஜெக்டரை சோதனை பெஞ்சில் போட்டுப் பார்த்தவன். ஒரே செட்டில் ஒன்று மட்டும் ஒழுகுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் கதை.

கேட்காமலே சொல்கிறேன். ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருகி 3-ஐ 4 பார் ஆக்கினால் சரியாகிவிடும் என்று அடுத்து யாராவது வருவார்கள். பாய்வு 15 சதவீதம் ஏறும், உண்மை. ஆனால் அழுத்தம் ஏறினால் பம்ப் தள்ளுகிற அளவு குறையும், டெட் டைமும் மாறும். உங்கள் ரெயில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து (இஞ்சினுக்குள் காற்று போகும் பாதை) குழாய் வந்தால் இன்ஜெக்டரின் இரு முனைக்கும் உள்ள வித்தியாசம் மாறாது. மிச்ச பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் இல்லாத ரெயில் என்றால் அழுத்தம் வெளிக்காற்றை வைத்துத்தான், மேனிஃபோல்ட் கணக்கை ஈசியூ போட்டுக்கொள்ளும். இரண்டையும் கலக்கக் கூடாது. குழாய் இல்லாத 3 பார் ரெயிலோடு டர்போ ஒரு பார் ஊதினால் மிஞ்சுவது 2 பார், பாய்வில் 18 சதவீதம் போச்சு, அதுவும் அதிகம் தேவைப்படும் நேரத்தில். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு, அதாவது கிராங்க் இரண்டு முறை சுழல, 20 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். அதில் 16-ஐத் தாண்டித் திறந்திருக்கும்படி சின்னதாகவும் வாங்காதீர்கள். அப்புறம், ஸ்ப்ரே. இரண்டு இன்டேக் வால்வுக்கு நடுவே ஒற்றைக் கூம்பாக அடித்தால் சுவர்தான் நனையும்.

காமன் ரெயில்:
டீசல்காரன் நான். சுத்தம் செய்யக் கொடுத்த நாலு இன்ஜெக்டரும் இடம் மாறி வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் பொறித்த, அதற்கே உரிய குறியீட்டு எண் பழைய வரிசைப்படியே ஈசியூவில் இருந்தது. சைடு கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது, அப்படி ஒரு ஆட்டம். குறியீட்டு எண்களைச் சரியான சிலிண்டருக்கு எழுதியதும் அடங்கியது.

மூணாவது கியர்:
பெஞ்ச் ஐயா, ஸ்கேனர் வாங்கிப் பார்த்தேன், மைனஸ் 25. மைனஸ் என்றால் பெட்ரோல் மிச்சம்தானே? ஒன்று மட்டும் புரியவில்லை. இஞ்சின் ஆயில் ஊற்றவே இல்லை, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கிறது.

மல்டிமீட்டர்:
வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல் வாடை வருகிறதா என்று டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள்.