கியூபெக் முன்னோர்: அப்பாவுக்கு ஒரு குடும்பப் பேரு, பையனுக்கு வேறயா?

என் வீட்டுக்காரர் பக்கம் 1700கள்ல கனடாவோட கியூபெக், அப்பா பேரு ஹூடோன், பையன் கல்யாணப் பதிவுல போலியூ, இதுல பசங்க எல்லாரும் ஜோசஃப், பொண்ணுங்க எல்லாம் மரீ, தலை சுத்துதுங்க. ரெண்டும் ஒரே குடும்பம்தானா?

பதில் 1:
ஒண்ணாத்தான் இருக்கும். முழுப்பேரு ‘ஹூடோன் டி போலியூ’ (dit, பிரெஞ்சுல ‘என்கிற’னு அர்த்தம்), சிலர் முதல் பாதிய வச்சுக்கிட்டாங்க சிலர் பின்பாதிய, கூடப்பொறந்த அண்ணன் தம்பியே பிரிஞ்சிருப்பாங்க. பட்டாளத்துல வச்ச பட்டப்பேரும் இப்படி ஒட்டிக்கிட்டது நிறைய. ரெண்டுலயும் தேடுங்க.

பதில் 2:
ஜோசஃப், மரீ எல்லாம் ஞானஸ்நானத்துக்கு. கூப்பிடுற பேரு பெரும்பாலும் கடைசில இருக்கும், ஜோசஃப் லூயி ஆந்த்வான்னா ஆளு ஆந்த்வான். இன்னொண்ணு, குழந்தை தவறிப்போனா அதே பேர அடுத்ததுக்கு வச்சிருவாங்க, அதனால அடக்கப் பதிவு பாக்காம முந்தின தலைமுறைக்கு மேல ஏறாதீங்க, நிறைய குடும்ப மரம் இங்கதான் கோணலாகுது.

பதில் 3:
கல்யாணப் பதிவ பிடிங்க. முதல் கல்யாணம்னா பொதுவா ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேரும் இருக்கும், அம்மா பேரு அவங்க பொறந்த வீட்டுப் பேரோடயே வரும் (இந்த வசதி அந்தக் காலத்து இங்கிலாந்துப் பதிவுல கனவுல கூட கிடைக்காது). மாண்ட்ரியல் யூனிவர்சிட்டியோட பிஆர்டிஹெச் (PRDH, பழைய மக்கள்தொகை ஆராய்ச்சித் திட்டம்) தளத்துல 1849 வரைக்கும் கத்தோலிக்கப் பதிவு கோத்து வச்சிருக்காங்க. 1663-1673ல பிரான்ஸ் ராஜா செலவுல கப்பலேறி வந்த பொண்ணு யாராச்சும் உங்க மரத்துலயும் மாட்டுவாங்க பாருங்க.